கால்வேயில் ஒரு இடிந்த கோபுரக் கோட்டை: தோண்டியதை ஏன் திரும்ப மூடிவிட்டார்கள்?

கிழக்கு கால்வே எழுதியது:

வணக்கம். நான் அயர்லாந்தில், கால்வே கவுண்டியின் கிழக்குப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்தில் இடிந்த கோபுரக் கோட்டை ஒன்று நிற்கிறது. நான்கு சுவர்களில் இரண்டுதான் உயரமாக மிஞ்சியிருக்கின்றன. மற்றதெல்லாம் ஐவி கொடி மூடிய கற்குவியல். இந்தக் கோடையில் தொல்லியல் குழு ஒன்று வந்து அங்கே அகழாய்வு செய்தது. உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து வேலை செய்யலாம் என்றார்கள். ஷிஃப்ட் இல்லாத நாட்களில் நானும் என் மனைவியும் போனோம்.

சுவரை ஒட்டி நீளமாக ஒரே ஒரு குழிதான் வெட்டினார்கள். முதலில் புல்லைப் பாளம் பாளமாக அறுத்து ஓரமாக அடுக்கினோம். அப்புறம் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்த இடிபாடு. அதை அள்ளுவதிலேயே பெரும்பாலான நாட்கள் போய்விட்டன. அதற்குக் கீழே கறுப்பு மண், நிறைய எலும்பு, துருப்பிடித்த ஆணிகள். கடைசியாகச் சுவரின் அடித்தளம். அதன் பக்கத்தில் எனக்கு நகத்தளவு ஒரு பானைச் சில்லு கிடைத்தது. ஓடு வெள்ளை நிறம், மேலே பளிச்சென்று பச்சை மெருகு. அதுவரை யார் எதைக் காட்டினாலும் அமைதியாகப் பையில் போடச் சொன்ன இயக்குநர் அம்மா, அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரியாக எந்த இடத்தில், எந்த மண்ணில் எடுத்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பிறகு எல்லாவற்றையும் வரைந்து, படம் எடுத்து, குழிக்குள் ஒரு துணியை விரித்து, எடுத்த மண்ணையே கொட்டி மூடிவிட்டார்கள். இப்போது போய்ப் பார்த்தால் வெறும் புல்.

எனக்கு மனசு ஆறவில்லை. அவ்வளவு பாடுபட்டுத் திறந்ததை ஏன் மூட வேண்டும்? தோண்டுவதென்றால் முழுக் கோட்டையையும் தோண்டினால் என்ன? அந்தச் சில்லில் அப்படி என்ன இருக்கிறது? இன்னொன்று: 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின்மேல் படையெடுத்த ஆங்கிலத் தளபதி குரோம்வெல் பீரங்கி வைத்து இடித்த கோட்டை இது என்று ஊரில் பெரியவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். இடிபாட்டைப் பார்த்து அது உண்மையா என்று சொல்ல முடியுமா?

மண்ணடுக்கு எழுதியது:

தம்பி, நான் அயர்லாந்தில் பல வருடங்கள் அகழாய்வுக் குழுக்களில் வேலை செய்தவள். அதிகமும் நெடுஞ்சாலை போடுமுன் நடக்கும் அகழாய்வுகள். இடையில் கோட்டைகளிலும் சில கோடைகள். உங்கள் கேள்விகளில் சில்லைப் பற்றியதிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் சொல்கிற வெள்ளை ஓடும் பளிச்சிடும் பச்சை மெருகும் எனக்கு உடனே ஒரு பெயரைத்தான் நினைவுபடுத்துகின்றன: சேந்தோன்ஷ். பிரான்ஸின் தென்மேற்கில், போர்டோவுக்கு வடக்கே இருக்கிற பகுதி. அங்கே செய்த மெல்லிய ஜாடிகள் போர்டோ திராட்சை மதுவோடு கப்பலேறி அயர்லாந்துத் துறைமுகங்களுக்கு வந்தன. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இது அதிகம். பச்சை நிறம் மெருகில் சேர்த்த செம்பினால் வருவது. அதே காலத்து உள்நாட்டுச் சமையல் பானையைக் கையில் எடுத்தால் கரகரவென்று இருக்கும். கிழக்கே லென்ஸ்டர் மாகாணத்துப் பானைகளில் அபிரகம் (மைக்கா) மினுக்கும். இரண்டையும் ஒருமுறை அருகருகே பார்த்தவர்களுக்கு அப்புறம் குழப்பமே வராது.

இனி உங்கள் கோட்டைக்கு வருவோம். நிலத்தின் நடுவில் தனியாக நிற்கும் சதுரக் கோபுரம், கால்வேயில். அநேகமாக அது 15 அல்லது 16ஆம் நூற்றாண்டுக் கோபுர வீடு. அயர்லாந்து முழுக்க இந்த வகை ஆயிரக்கணக்கில் எழுந்தது. 12ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த நார்மன் பிரபுக்களின் வழிவந்தவர்களும் கட்டினார்கள், ஐரிஷ் தலைவர்களும் கட்டினார்கள். அப்படியானால் கோபுரத்தைவிட நூறு, இருநூறு வருடம் மூத்த ஜாடி ஒன்றின் துண்டு அதன் காலடியில் என்ன செய்கிறது? உங்கள் இயக்குநர் யோசித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். கல் கோபுரம் எழும்புமுன்பே அந்த மேட்டில் பிரெஞ்சு மது குடிக்கிற அளவுக்கு வசதியுள்ள யாரோ இருந்தார்களா? அதன்ரை கோட்டை உங்களுக்குப் பக்கம்தானே. மெய்லர் டி பெர்மிங்ஹாம் என்ற நார்மன் பிரபு 1230களில் எழுப்பியது. உங்கள் பகுதியில் 13ஆம் நூற்றாண்டிலேயே நார்மன்கள் நிலம் பிடித்துக் குடியேறிவிட்டார்கள். ஆகவே அந்தக் கேள்வி நியாயமானது.

ஆனால் சில்லு தனியாக எதையும் சொல்லாது. அது எந்த மண்ணில் கிடந்தது என்பதுதான் பேசும். அதனால்தான் உங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

சுவர் கட்டுகிறவர்கள் முதலில் அடித்தளத்துக்குப் பள்ளம் வெட்டுவார்கள். அந்தப் பள்ளம், ஏற்கெனவே அங்கிருந்த பழைய மண்ணடுக்குகளை வெட்டிக்கொண்டு இறங்கும். உள்ளே சுவரை எழுப்பிவிட்டு, சுவருக்கும் பள்ளத்தின் ஓரத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியை மண்ணும் கல்லும் போட்டு நிரப்புவார்கள். ஆக, ஒரு சாண் அகலத்துக்குள் மூன்று வெவ்வேறு காலத்து மண் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: வெட்டப்பட்ட பழைய அடுக்கு, வெட்டிய பள்ளத்தை நிரப்பிய மண், இவற்றின் மேல் கோட்டையில் ஆட்கள் வாழ்ந்தபோது படிந்த மண். உங்கள் சில்லு பழைய அடுக்குக்குள் கிடந்திருந்தால், கோபுரத்துக்கு முன்னால் அங்கே ஏதோ இருந்தது என்று வலுவாகப் பேசலாம். மேல் மண்ணில் கிடந்திருந்தால், உழும்போது எங்கிருந்தோ இழுபட்டு வந்ததாகவும் இருக்கலாம். நிறத்திலும் இறுக்கத்திலும் மிகச் சின்ன வித்தியாசம்தான் இருக்கும். நிதானமாகச் சுரண்டச் சொல்கிறோமே, அந்த வித்தியாசத்தைத் தவறவிடக் கூடாது என்பதற்குத்தான்.

நாணயம் கிடைத்தாலும் இதே கணக்குதான். இங்கிலாந்தின் ஜான் மன்னர் டப்ளினில் அடித்த வெள்ளிப் பென்னியில் அவர் தலை ஒரு முக்கோணத்துக்குள் இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். அது ஓர் அடுக்கில் கிடந்தால், அந்த அடுக்கு நாணயம் அடித்த பிறகுதான் உருவானது என்று மட்டுமே சொல்லலாம். எத்தனை காலம் கழித்து என்பதை நாணயம் சொல்லாது. தேய்ந்த வெள்ளி பல தலைமுறை கைமாறும்.

சின்னத் தடயத்தையும் விடாமல் படித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மீத் கவுண்டியின் ட்ரிம் கோட்டையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். நார்மன் பிரபு ஹியூ டி லேசி முதலில் அங்கே அமைத்தது மண்ணும் மரமும் கொண்ட அரண். 1173இல் அதை எரித்துவிட்டார்கள். பின்னால் வந்ததுதான் இருபது பக்கங்கள் கொண்ட அந்தப் பெரிய கல் கோபுரம். அது 1220களை ஒட்டிக் கட்டியது என்றே நெடுங்காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். சுவர் எழுப்பும்போது சாரம் செருகிய துளைகளுக்குள் மரத்துண்டுகள் சில அப்படியே தங்கியிருந்தன. அவற்றின் ஆண்டு வளையங்களைக் காலம் தெரிந்த மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, வேலை 1170களிலேயே தொடங்கி 1200களின் முதல் வருடங்களில் முடிந்திருப்பது தெரிந்தது. சாரக்கட்டின் மிச்சக் கட்டை ஒரு கோட்டையின் வயதையே மாற்றி எழுதியது! பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் ஓக் மரங்களுக்கு ஏழாயிரம் வருடங்களுக்கும் மேலாகப் பின்னோக்கிப் போகும் வளைய வரிசையைத் தொகுத்து வைத்திருப்பதால்தான் இது முடிகிறது.

மூடியது ஏன்? முதல் காரணம் தண்ணீர். பல நூறு வருடம் மண்ணுக்குள் இருந்த சுண்ணாம்புச் சாந்தைத் திறந்து வைத்தால் கால்வே மழை அதைக் கரைத்துக்கொண்டு போகும். குளிர்காலத்தில் ஈரம் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். அடித்தளத்துக்குப் பக்கத்துணையாக இருந்த மண்ணை எடுத்துவிட்டு இரண்டு சுவரை மட்டும் நிற்கவிட்டால் அவையும் சாயலாம். கீழே மாடுகள் மேய்கின்றன. விரித்த துணி, அடுத்து வருகிறவர்களுக்கு நாங்கள் இதுவரைதான் தோண்டினோம் என்று காட்டும் எல்லை. சில குழுக்கள் அடியில் அந்த வருடத்து யூரோ நாணயம் ஒன்றையும் போட்டு வைப்பார்கள்.

முழுக் கோட்டையையும் ஏன் தோண்டவில்லை என்பதற்குப் பதில் கொஞ்சம் கசப்பானது. தோண்டுவதே அழிப்பதுதான். ஓர் அடுக்கை எடுத்தால் அது உலகத்தில் இனி இல்லை. நாம் எழுதியதும் வரைந்ததும் மட்டும்தான் மிஞ்சும். ஐம்பது வருடம் முன்பு முழுவதும் தோண்டித் தள்ளிய இடங்களில், இன்றைக்கு நாங்கள் கேட்க நினைக்கும் கேள்விகளுக்குப் பதில் இல்லை. அன்று மண்ணைச் சலிக்காமல் கொட்டினார்கள். விதைகளும் மீன் முட்களும் அதோடு போயின. நமக்குப் பின்னால் வருகிறவர்கள் எந்தக் கருவியோடு வருவார்களோ. கேள்விக்குத் தேவையான அளவு மட்டும் தொட்டு, மற்றதை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எலும்பைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த பகுதி. உங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், அதனால் எலும்பு நன்றாக நிலைக்கும். சதுப்பு நிலத்துப் புளிப்பு மண்ணில் அது கரைந்தே போயிருக்கும். பெரும்பாலும் மாடாக இருக்கும், பிறகு ஆடு, பன்றி. அவற்றில் வெட்டுத்தழும்பைத் தேடுவோம், நாய் கடித்த தடத்தைத் தேடுவோம். பல்லின் தேய்மானத்தை வைத்து எந்த வயதில் அறுத்தார்கள் என்று கணிப்போம். பாலுக்கு வளர்த்தார்களா, இறைச்சிக்கா, ஏருக்கா என்பது அதிலிருந்து வரும். ஃபேலோ மான் என்ற புள்ளி போட்ட மானின் எலும்பு ஒன்று வந்தால் போதும், பேச்சே மாறிவிடும். அந்த மான் அயர்லாந்தில் இயற்கையாக இருந்ததே இல்லை. நார்மன்கள் கொண்டுவந்து வேலியிட்ட மான் பூங்காக்களில் வளர்த்தார்கள். முயலும் அவர்கள் கொண்டுவந்ததுதான். மான்கறி கடையில் வாங்குகிற பொருளாக இருக்கவில்லை. விருந்தாகவோ பரிசாகவோதான் வரும். அந்த எலும்பு யார் வீட்டுக் குப்பையில் கிடக்கிறது என்பதை வைத்து யார் யாரோடு உறவாக இருந்தார்கள் என்றுகூட யோசிக்கலாம். ஒரு கோட்டையின் சமையலறைக் குப்பையைச் சல்லடையில் தண்ணீர்விட்டுக் கழுவி, கருகிய ஓட்ஸ் மணிகளும் விலாங்கு மீனின் முதுகெலும்பும் மேலே வருவதைப் பார்த்த நாட்களை நான் மறக்க மாட்டேன். அந்தக் கோட்டையின் பிரபுவைப் பற்றி ஆண்டுக்குறிப்புகள் சண்டையையும் சாவையும்தான் எழுதின. அவன் வீட்டில் உலை வைத்த பெண்களைப் பற்றி எழுதியது அந்தக் குப்பை மட்டும்தான்.

குரோம்வெல் கதையை நான் போன ஊரிலெல்லாம் கேட்டிருக்கிறேன். அவர் அயர்லாந்தில் இருந்தது 1649 ஆகஸ்ட் முதல் 1650 மே வரை, ஒன்பது மாதம் மட்டுமே. அதிலும் கால்வே இருக்கிற கன்னாக்ட் மாகாணத்துக்கு அவர் வரவே இல்லை. அவர் போன பிறகு அவருடைய தளபதிகள்தான் கால்வே நகரைப் பிடித்தார்கள். அதனால் "குரோம்வெல் படை" என்றால் அதற்கு இடமுண்டு. "குரோம்வெல்" என்றால் இல்லை. வேறு காரணங்களும் ஏராளம். கார்லோ கோட்டையைப் பாருங்கள். 1814இல் மனநலக் காப்பகமாக மாற்ற நினைத்த மருத்துவர் ஒருவர், சுவரின் தடிமனைக் குறைக்க வெடிமருந்து வைத்தார். பெரும்பகுதி சரிந்து, இன்று இரண்டு மூலைக் கோபுரங்களும் நடுவே ஒரு சுவரும்தான் நிற்கின்றன. உங்கள் இடத்தில் பார்க்க வேண்டியது இடிபாட்டின் அடியைத்தான். விழுந்த கற்களுக்குக் கீழே தரையில் கரியும் உடைந்த பாத்திரமும் ஆயுதமும் கிடந்தால் திடீர் முடிவு. தரைமேல் மெதுவாகப் படிந்த மண், பறவை எச்சம், அப்புறம் கல் என்றால், ஆட்கள் போய் வெகுகாலம் கழித்துத் தானாகச் சரிந்தது. உங்கள் "கறுப்பு மண்" இதில் எது என்று இயக்குநரைக் கேளுங்கள்.

சாந்தும் கல்லும் எழுதியது:

அக்கா மண்ணுக்குள் இருப்பதைச் சொல்லிவிட்டார்கள். நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளன்; லிமரிக், கிளேர் பக்கம் கோபுர வீடுகளில் வேலை செய்கிறேன். அண்ணாந்து பார்க்கவும் சிலது உண்டு.

மிஞ்சிய சுவரில் எங்காவது வளைந்த கூரையின் ஒட்டு தெரிந்தால், அடிப்பக்கத்துச் சாந்தை உற்றுப் பாருங்கள். கூடை முடைந்த தடம் மாதிரி வரிவரியாக இருக்கும். ஹேசல் என்ற சிறுமரத்தின் குச்சிகளைப் பாய்போலப் பின்னி வளைத்துத் தாங்கலாக வைத்து, அதன்மேல் சாந்தும் கல்லும் போட்டுத்தான் வளைவைக் கட்டினார்கள். சாந்து இறுகியதும் தாங்கலை எடுத்துவிட்டாலும் பின்னலின் அச்சு நிற்கும். சில இடங்களில் குச்சியே உடைந்து சாந்துக்குள் மாட்டியிருக்கும். அது கிடைத்தால் பொக்கிஷம்: சில வருடமே வளர்ந்த குச்சி என்பதால், கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பினால் கட்டிய காலத்தையே காட்டும். நூறு வருடம் வளர்ந்த மரத்தின் நடுக்கட்டையை அனுப்பினால் அத்தனை வருடம் பிசகும்.

கதவு, ஜன்னல் ஓரக்கற்களில் உளித் தடத்தைப் பாருங்கள். சாய்கோடாக ஒரே சீராக இழுத்திருந்தால் நார்மன் காலத்து முறை. அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தால் 15, 16ஆம் நூற்றாண்டு. கோபுரத்தில் சாய்கோட்டுக் கல் ஒன்றிரண்டு கலந்திருந்தால், பழைய கட்டடம் ஒன்றைப் பிரித்துக் கட்டியிருக்கலாம். பச்சைச் சில்லோடு சேர்த்துப் பார்த்தால் அது நல்ல துப்பு. மூலைக்கற்கள் காணாமல் போயிருந்தால் குரோம்வெல்லை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பழைய வீடுகளின் வாசற்படிகளைப் பாருங்கள். நன்றாகச் செதுக்கிய கல்லை யாரும் சும்மா விட்டதில்லை. மூலைக்கல் போனால் சுவர் அடுத்த சில புயல்களில் வாய்பிளக்கும்.

இந்தக் கோபுரங்கள் ஏன் எழுந்தன என்பதற்கு 1429ஆம் வருடச் சட்டத்தை யாராவது சொல்லக்கூடும். இருபது அடி நீளம், பதினாறு அடி அகலம், நாற்பது அடி உயரத்தில் கோபுரம் கட்டினால் பத்து பவுண்டு மானியம் என்றது அது. டப்ளினைச் சுற்றிய ஆங்கிலேயர் வசப் பகுதிக்கு மட்டும் உரியது. கால்வேக்குச் செல்லாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐவியை யாரும் ஆர்வத்தில் பிடுங்க வேண்டாம். வேர் சாந்துக்குள் புகுந்து, பல இடங்களில் இன்று கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதுதான். அதை எடுக்கிற அன்றே சுண்ணாம்புச் சாந்தால் இடைவெளியை நிரப்ப ஆள் தயாராக இருக்க வேண்டும். சிமென்ட் பூசவே கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே உதிரும்.

பயணப்பிரியன் எழுதியது:

மண்ணடுக்கு அவர்களின் பதில் அருமை. ஆனாலும் "மூடிவிட வேண்டும்" என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அந்த ஊர் மக்களுக்கு என்ன மிஞ்சுகிறது? ஓர் அறிக்கை, அதையும் பத்து பேர் படிப்பார்கள். அடித்தளத்தைத் திறந்து வைத்து, கூரை போட்டு, விளக்கப் பலகை வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். ட்ரிம் கோட்டையை அப்படித்தானே எல்லோரும் பார்க்கிறார்கள்?

மண்ணடுக்கு எழுதியது:

நீங்கள் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். ட்ரிம் அரசின் பொறுப்பில் இருக்கிறது. சுவர் பழுதுக்கும் வழிகாட்டிகளுக்கும் அங்கே நிரந்தரமாக ஆளும் பணமும் உண்டு. ஒரு விவசாயியின் நிலத்தில் நிற்கும் கோபுரத்துக்குக் கூரை போட்டால், அந்தக் கூரையைப் பத்து வருடம் கழித்து யார் பார்ப்பார்கள்? பராமரிக்க ஆளில்லாமல் திறந்து வைத்த அடித்தளம் புதர் மண்டிக் கல் கல்லாகக் கழன்று கிடப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூடியிருந்தால் அது பிழைத்திருக்கும்.

மக்களுக்கு எதைத் திறந்து காட்ட வேண்டும் என்று கேட்டால், தோண்டும் வேலையைத்தான் என்பேன். வெக்ஸ்ஃபோர்டு பக்கம் ஃபெரிகாரிக்கில், 1169இல் வந்திறங்கிய முதல் நார்மன்கள் உடனே அமைத்த மண் அரண் இருக்கும் இடம், ஐரிஷ் தேசிய பாரம்பரியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே அகழாய்வு நடக்கும்போதே பார்வையாளர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். கிழக்கு கால்வே தம்பியும் அவர் மனைவியும் கையில் கொத்துக்கரண்டியோடு உட்கார்ந்து சுரண்டினார்களே, எந்தப் பலகையும் அதற்கு ஈடாகாது. அறிக்கையைப் பத்து பேர்தான் படிப்பார்கள் என்பது எனக்கும் வருத்தம்தான். ஆனால் 1970 முதல் அயர்லாந்தில் நடந்த அகழாய்வுகளின் சுருக்கம் எக்ஸ்கவேஷன்ஸ் டாட் ஐஈ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கவுண்டி பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரு மழை நாள் முழுக்கப் போய்விடும்.

கிழக்கு கால்வே எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, மழைநாட்களில் கண்டெடுத்தவற்றைக் கழுவ எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது அந்தப் பையைத் தேடிப் பார்த்தேன். என் சில்லு இருந்த பையில் உள்ள எண், அடித்தளப் பள்ளத்தை நிரப்பிய மண்ணுக்கு உரியது என்று மேற்பார்வையாளர் சொன்னார். பழைய அடுக்கு இல்லை. அப்படியென்றால் அது வீண்தானா?

இன்னும் இரண்டு விஷயம். என்னோடு வேலை செய்யும் ஒருவர் மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறார். மூடிய குழிக்குப் பக்கத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கலாமா என்கிறார். அப்புறம், எலும்புகளில் மனித எலும்பு வந்தால் என்ன செய்வார்கள்? மனைவி கேட்கச் சொன்னாள்.

மண்ணடுக்கு எழுதியது:

வீண் இல்லை. நன்றாக யோசித்துப் பாருங்கள். பள்ளம் வெட்டியவர்கள் எந்த மண்ணை எடுத்தார்களோ, பெரும்பாலும் அதையே திரும்பப் போட்டு நிரப்பியிருப்பார்கள். சில்லு அதோடு புரண்டு வந்திருக்கிறது. அதனால் இரண்டு செய்தி கிடைக்கிறது. ஜாடி உடைந்த பிறகுதான் கோபுரம் எழும்பியது. அந்த ஜாடி உடைந்து கிடந்தது அதே மேட்டில்தான், அல்லது மிகப் பக்கத்தில்தான். ஆனால் ஒரே சில்லை வைத்து ஒரு 13ஆம் நூற்றாண்டு வீட்டைக் கட்டிவிட முடியாது. அதே மண்ணிலிருந்து வேறு சில்லுகளும் வந்தனவா, மண் மாதிரியில் கருகிய தானியம் இருந்ததா, கோபுரத்துக்கு வெளியே நிலத்தடியில் பழைய அகழி ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியானதற்குத் தோண்டவே தேவையில்லை. மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி ஈரம் எங்கே தேங்குகிறது என்று அளக்கும் கருவி உண்டு. நிரம்பிய அகழி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், சுவர் வைத்திருக்காது. அந்த ஆய்வை ஏற்கெனவே செய்திருப்பார்கள். படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் நண்பரிடம் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். அயர்லாந்தில் தொல்பொருள் தேடி மெட்டல் டிடெக்டர் பயன்படுத்த அரசின் முன் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்ன இடத்தில் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 1987இலிருந்தே சட்டம் இப்படித்தான். நிலத்துக்காரர் சரி என்று சொன்னாலும் மாறாது. 1980இல் டிப்பரெரியின் டெரினஃப்ளானில் டிடெக்டரோடு போன இருவர் 8, 9ஆம் நூற்றாண்டுத் திருப்பலிப் பாத்திரங்களைத் தோண்டி எடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதன் தொடர்ச்சியாகத்தான், உரிமையாளர் தெரியாத தொல்பொருள் எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று 1994இல் சட்டத்தில் எழுதினார்கள். சட்டத்தை விடுங்கள், எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. அவர் ஒரு சாண் ஆழக் குழி போட்டு ஒரு நாணயத்தை எடுத்தால், அது எந்த அடுக்கில் இருந்தது என்பது நிரந்தரமாகப் போய்விடும். உங்கள் பச்சைச் சில்லைப் பற்றி இவ்வளவு பேச முடிந்தது பையில் ஓர் எண் இருந்ததால்தான். அவருக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் அடுத்த கோடையில் கூட்டிக்கொண்டு போங்கள். உரிமம் பெற்ற அகழாய்வுகளில் வெட்டிய மண்ணைச் சோதிக்கத் தனி அனுமதியோடு டிடெக்டர் பயன்படுத்துவதும் உண்டு. அதைச் செய்கிறவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும்.

மனித எலும்பு என்று சந்தேகம் வந்ததுமே அந்த இடத்தில் வேலை நிற்கும். மனித எலும்பு படித்த நிபுணர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த அடி, அதுவும் உரிய துறைக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் தெரிவித்துவிட்டு. கோட்டைகளில் இது அரிது, ஆனால் நடக்கும். ட்ரிம்மில் 1971 முதல் 1974 வரை நடந்த அகழாய்வில் தலையில்லாத உடல்கள் கிடைத்தன. கொள்ளையர் தலையை வெட்ட அனுமதித்த 1465ஆம் வருடச் சட்டத்தோடு அவற்றைச் சேர்த்துப் பேசுவார்கள். உங்கள் மனைவிக்கு இதில் ஆர்வம் என்றால் சொல்லுங்கள். நர்ஸ் குடும்பம், எலும்பின் பெயர்கள் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். மாட்டு விலா எலும்பிலிருந்து மனித விலாவைப் பிரித்தறிய ஒரு பிற்பகல் பழகினால் போதும்.

கழுவும் வேலையைப் பற்றி ஒன்று. பல் துலக்கும் மென்மையான பிரஷ் போதும். உடைந்த ஓரத்தையும் நன்றாகத் தேயுங்கள், ஏனென்றால் களிமண்ணின் நிறமும் மணலும் அங்கேதான் தெரியும். இரும்பையும் செம்பையும் தண்ணீரில் போடவே கூடாது. உள்பக்கம் கரி ஒட்டிய சமையல் பானைச் சில்லு வந்தால் கழுவாமல் மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். அந்தக் கரியில் என்ன சமைத்தார்கள் என்பது இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே பையைத் திறங்கள். ஒரு பையின் சில்லு இன்னொரு பையின் தட்டில் விழுந்துவிட்டால் அதற்கு அப்புறம் எந்த நிபுணர் வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கிழக்கு கால்வே எழுதியது:

ஈரத்தை அளந்த படத்தைக் கேட்டு வாங்கிவிட்டேன் அக்கா. கோபுரத்துக்கு வடக்கே ஒரு வளைந்த பட்டை தெரிகிறது. அது அகழியா, பழைய வயல் வரப்பா என்று இன்னும் தெரியாது, அடுத்த கோடையில் குறுக்கே ஒரு குழி போட உரிமம் கேட்கப் போவதாக இயக்குநர் சொன்னார். நண்பரும் பெயர் கொடுத்திருக்கிறார்.